வழி காட்டுதலும் காட்டிக் கொடுத்தலும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இம்மேடையில் திருக்குறளைப் பற்றியும் சிலப்பதிகாரத்தைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர் பேசக் கேட்டவர்கள் நீங்கள். நானோ பத்தாம் வகுப்புத் தேறி, தந்தையாரின் மறைவுக்குப் பின் ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு காலம் கழிப்பவன். என்னைப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, "எனக்கு என்ன தெரியும், ஐயா?" என்றேன். "உங்களுக்குத்தான் சைக்கிள் தெரியுமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். ஆகவே மலைப்பாதைகளில் ஓட்டும் சைக்கிளைப் பற்றியும், அப்பாதைகளை இணையத்தின் வழியே ஊரறியச் சொல்வதில் கடைப்பிடிக்க வேண்டிய முறையைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். அம்முறையை நான் நூலில் கற்கவில்லை. பிழை செய்து கற்றேன். அப்பிழையையும் உங்கள் முன் வைக்கிறேன்.

பெரியோர்களுக்காகச் சில சொற்கள். மலை சைக்கிள் என்பது தடித்த சக்கரமும் உறுதியான பிரேக்கும் கொண்டது. கல்லிலும் மண்ணிலும் ஓட வல்லது. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள டமால்பாய்ஸ் மலைப்பகுதியில், 1970-களில் இளைஞர் சிலர் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, மண் பாதையில் கீழே ஓட்டி விளையாடியதிலிருந்து இது வளர்ந்தது. 1976-இல் அவர்கள் ஓர் இறக்கத்தில் பந்தயம் தொடங்கினர். ஒரு முறை இறங்குவதற்குள் பிரேக்கின் கொழுப்பு சூடேறிப் புகைந்துபோகும். மீண்டும் நிரப்ப வேண்டும். அதனால் அந்த இறக்கத்துக்கே 'மறுபடி நிரப்பு' என்னும் பொருளில் 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இருபதே ஆண்டுகளில், 1996-இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாயிற்று.

இன்று ஒருவர் சைக்கிளில் புறப்படும்போது கைப்பேசியை இயக்கிவிட்டால், அவர் சென்ற வழி முழுவதையும் அது ஒரு கோடாக வரைந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் அக்கோட்டை இணையத்தில் இட்டால், முன்பின் அறியாத ஒருவர் அதைத் தம் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, அதே வளைவில் வளைந்து, அதே மேட்டில் ஏறி வரலாம். வழி கேட்க வேண்டியதில்லை. வழியில் எவரிடமும் பேச வேண்டியதும் இல்லை. நன்மையும் தீமையும் அங்கேதான் தொடங்குகின்றன.

வழி சொல்வது தமிழனுக்குப் புதிதன்று. அதற்கென்றே ஓர் இலக்கிய வகை கண்டவர்கள் நம் முன்னோர். ஆற்றுப்படை என்றாலே வழிப்படுத்துவது என்றுதான் பொருள். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், 583 அடிகளில், மலைநாட்டு வழியொன்றைச் சொல்கிறது. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி கூறுகிறான். அவன் மலையின் அழகைச் சொல்லுகிறான். ஆனால் அழகோடு நிறுத்தவில்லை. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பாம்பு பதுங்கும் குழி இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் பறந்து வரும், பாறை வழுக்கும் என்றெல்லாம் எச்சரிக்கிறான். வழியில் எவர் குடியிருக்கிறார், அவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்றும் சொல்லுகிறான். பாதை பிரியுமிடத்தில், பின்னே வருவோர் அறியுமாறு புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்றும் கூறுகிறான். இப்பாட்டை நான் பள்ளியில் பயின்றவன் அல்லன். என் பிழைக்குப் பின் நம் சங்க நூலகத்தில் உரையோடு எடுத்துப் படித்தேன். படித்தபோது வெட்கமுற்றேன். அந்தக் கூத்தன் சொன்ன அனைத்தையும் நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

என் பிழை இதுதான். எனக்கு முப்பத்தெட்டு வயதில் இரத்தத்தில் சர்க்கரை கண்டது. மருத்துவர் சொற்படி பழைய மலை சைக்கிள் ஒன்றை வாங்கினேன். காலனிப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்துகொண்டனர். புணே நகருக்குத் தென்மேற்கே சகியாத்திரி மலைச்சரிவில் ஒரு சிற்றூர். அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. காரணம் பின்னர் விளங்கும். அவ்வூரின் மேல்வரப்பில் முதிய உழவர் ஒருவரின் நிலம். அந்நிலத்தைக் கடந்தால் மலைமுகட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை. கோடையில் ஒரு நாள், அவரே எங்களை அழைத்துச் சென்று அப்பாதையைக் காட்டினார். பானையிலிருந்து தண்ணீரும் தந்தார். "வரப்பின் மேலே போங்கள், விதைத்த இடத்தில் இறங்காதீர்கள், படலைத் திறந்தால் மூடுங்கள், மழையில் வராதீர்கள்" என்று மராத்தியில் நான்கே நான்கு சொன்னார்.

அவ்வழியின் கோட்டை அன்றிரவே இணையத்தில் இட்டேன். முகட்டிலிருந்து எடுத்த படத்தையும் இட்டேன். 'மேகத்துக்கு ஒரு படி' என்று பெயரும் சூட்டினேன். பெரியவர் சொன்ன நான்கையும் எழுதவில்லை. எழுத மறந்தேன் என்று சொல்வது முழு உண்மையாகாது. அழகான குறிப்பின் நடுவே அவை பொருந்தாவென்று விட்டுவிட்டேன். முகமறியாதோர் பலர் பாராட்டினர். ஒரு குமாஸ்தாவுக்கு அத்தனை பாராட்டு வாழ்நாளில் கிடைத்ததில்லை. மயங்கிவிட்டேன்.

குளிர்காலம் வந்தது. நிலத்தில் சோளம் கதிர்விட்டு நின்றது. நகரத்திலிருந்து கார்களின் மேல் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். வரப்பு குறுகலாயிருந்ததால் பயிருக்குள் இறங்கி ஓட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் படலைத் திறந்தவர்கள் மூடாமல் போக, பெரியவரின் மாடுகள் வெளியேறிப் பக்கத்து நிலத்துச் சோளத்தை மேய்ந்துவிட்டன. பக்கத்து நிலத்தார் சண்டைக்கு வந்தார். நாற்பது ஆண்டுகள் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு ஒருவர் சென்று வந்த இரு குடும்பங்கள் பேச்சற்றுப் போயின.

இவை ஒன்றும் அறியாமல் தை மாதத்தில் நான் அங்கே சென்றேன். படல் இருந்த இடத்தில் கருவேல முள் அடைத்திருந்தது. பெரியவர் வெளியே வந்தார். கோபம் இல்லை. "உனக்கு வழி காட்டினேன். ஊருக்குக் காட்டவில்லையே" என்றார். அவ்வளவுதான். நம் மொழியில் காட்டுதல் என்றொரு சொல் உண்டு. காட்டிக் கொடுத்தல் என்றொரு சொல்லும் உண்டு. பிறந்தது முதல் இரண்டையும் பேசி வந்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அந்த முள்வேலிக்கு முன் நின்றபோதுதான் அறிந்தேன்.

மேய்ச்சலில் அழிந்த பயிருக்கு என்னால் இயன்ற தொகையைப் பக்கத்து நிலத்தாரிடம் கொண்டு கொடுத்தேன். கோட்டையும் அன்றே நீக்கினேன். ஆனால் நான் நீக்கியது என்னுடைய கோட்டை மட்டுமே. அதைப் பின்பற்றி வந்தவர்கள் தத்தம் கைப்பேசியில் வரைந்த கோடுகள் அவரவர் பக்கத்தில் நின்றன. தெரிந்தவரைக்கும் எழுதிக் கேட்டுக்கொண்டேன். பலர் மனமுவந்து நீக்கினர். ஒருவர் மட்டும், "பாதை என்ன உங்கள் அப்பன் சொத்தா?" என்று மறுமொழி எழுதினார். என் அப்பன் சொத்து அன்றுதான். அந்தப் பெரியவரின் அப்பன் சொத்து. அதைத்தான் முதலில் நானும் மறந்தேன். சொல்லிய சொல்லை விழுங்க முடியாது என்பர். இணையத்தில் இட்ட வழியும் அத்தகையதே.

இனி, அனுபவத்தில் கண்ட முறைகளை இளைஞர்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, நிலம் எவருடையது என்று கேட்டறிவது. தேய்ந்த தடம் ஒன்று கண்ணுக்குத் தெரிவதால் மட்டும் அது பொதுவழி ஆகிவிடாது. தனியார் நிலமானால் உடையவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். "நாங்கள் போகலாமா?" என்பது ஒன்று. "பிறருக்குச் சொல்லலாமா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு 'ஆம்' என்றவர் இரண்டாவதற்கும் 'ஆம்' என்றதாகக் கொள்ளலாகாது. என் பிழை முழுவதும் அந்த இரண்டாம் கேள்வியைக் கேளாததே. வனவிலங்குச் சரணாலயமானால், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி நுழைவதே குற்றம். அத்தகைய வழியை வெளியிடுபவர் தம் குற்றத்துக்குத் தாமே சாட்சி எழுதுகிறார். பின்னே வரும் அப்பாவிகளையும் அதில் சேர்க்கிறார். சகியாத்திரிச் சிற்றூர்களில் 'தேவராயி' என்னும் தெய்வக் காடுகள் உண்டு. நம் கோயிற் காடுகளைப் போன்றவை. சுள்ளி ஒடிப்பதும் ஆகாது என்று ஊரார் காக்கும் அவ்விடங்களை ஊராரைக் கேளாமல் வழியாக்குவது பண்பன்று.

நம் துறையைச் சேர்ந்த செய்தி ஒன்றும் உண்டு. கோவாவின் தூத்சாகர் அருவிக்கு ரயில் தண்டவாளத்தின் ஓரமாகச் செல்லும் வழி இணையத்தில் பரவியது. 2023 ஜூலையில் பெருங்கூட்டம் தண்டவாளத்தில் நடந்தது. போலீசார் சிலரைத் தோப்புக்கரணம் போடச் செய்த காட்சியை நீங்கள் கைப்பேசியில் கண்டிருப்பீர்கள். அருவியை வண்டிக்குள் இருந்தே கண்டு மகிழுங்கள், தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம் என்று தென்மேற்கு ரயில்வே அறிவித்தது. வண்டி வரும்போது மலைக்குடைவுக்குள் சிக்கியவன் ஒதுங்க இடம் தேடும் பதைப்பை ரயில்வே குடும்பத்தாராகிய நீங்கள் அறிவீர்கள். தண்டவாளத்தைத் தொடும் எந்த வழியையும் நம் காலனிப் பிள்ளைகள் வெளியிடலாகாது.

இரண்டாவது, வழியோடு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்வது. நம் ரயில்வேயில் 'காஷன் ஆர்டர்' என்று ஒரு தாள் உண்டு. எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, எவ்வளவு வேகத்துக்கு மேற்படாமல், என்ன காரணத்தால் செல்ல வேண்டும் என்று எழுதி வண்டி ஓட்டுநரிடம் கொடுப்பர். அதில் நான் வியக்கும் நுட்பம் ஒன்று உண்டு. எச்சரிக்க ஒன்றுமே இல்லாத நாளிலும், 'ஒன்றுமில்லை' என்று எழுதிய தாளைக் கொடுப்பர். ஏனெனில், எழுதாமல் விட்டால், ஆபத்து இல்லையென்று பொருளா, எழுத மறந்தார்கள் என்று பொருளா என ஓட்டுபவருக்கு விளங்காது. இணையத்தில் இடும் கோடும் அப்படியே. வெறுங்கோடு மௌனம் சாதிக்கிறது; அந்த மௌனத்தைப் பார்ப்பவர் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறார்.

நம் காலனிப் பிள்ளை ஒருவன், எவரோ பிப்ரவரியில் வரைந்து இட்ட கோட்டை நம்பி ஜூலையில் சென்றான். பிப்ரவரியில் உலர்ந்து கிடந்த ஓடை ஜூலையில் முழங்காலுக்கு மேல் ஓடியது. பாசி படிந்த கல்லில் சக்கரம் வழுக்கிக் காறை எலும்பு முறிந்தது. கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காத இடம். உடன் சென்றவன் இரண்டு மணி நேரம் நடந்து வந்து ஆள் சேர்த்தான். அந்தப் பிள்ளை இன்று இந்த அரங்கில் நலமாக அமர்ந்திருக்கிறான். அவன் தாயார் அன்று பட்ட பாட்டை நான் அறிவேன். கோட்டை இட்டவர் தீயவர் அல்லர். 'பிப்ரவரியில் சென்றது, மழையில் ஓடையைக் கடக்க இயலாது' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

ஆகவே வழி சொல்பவர், தாம் சென்ற மாதத்தை எழுத வேண்டும். எந்தத் திசையில் சென்றோம், எங்கே இறங்கித் தள்ள வேண்டும், கடைசித் தண்ணீர் எங்கே, கைப்பேசித் தொடர்பு எங்கே அறுகிறது, களைத்தவர் சாலைக்குத் திரும்ப இடைவழி எங்கே, எந்தப் படலை மூட வேண்டும் என்பவற்றையும் எழுத வேண்டும். மழைக்காலத்தில் மண்பாதையை விட்டுவிடுமாறும் சொல்ல வேண்டும். ஈரமண்ணில் பதிந்த சக்கரத் தடம் வெயிலில் காய்ந்து இறுகும். அடுத்த மழைநீர் அத்தடத்தையே வாய்க்காலாக்கி ஓடும். இரண்டு பருவங்களில் ஒற்றையடிப் பாதை ஓடையாகிவிடும். பின்னர் வருபவர் அதைத் தவிர்க்கப் பக்கத்துப் புல்லில் புதுத்தடம் போடுவார். ஊரார் மாட்டுக்கு அறுக்கும் புல் அது.

மூன்றாவது, நம்மையும் நம் வீட்டாரையும் காத்துக்கொள்வது. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். நம் பெண் ஒருத்தி ஞாயிறுதோறும் காலை ஐந்தரை மணிக்குத் தன் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து கோட்டைத் தொடங்கினால், அவள் எந்த வாசலிலிருந்து, எந்த நேரத்தில், எந்த ஆளற்ற சரிவு வழியாகச் செல்கிறாள் என்பதை எவனும் அறியலாம். வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் வசதி இத்தகைய செயலிகளில் உண்டு. அதை முதல் நாளே இயக்கிவிட வேண்டும். செல்லும்போதே இருக்குமிடத்தைக் காட்டுவது குடும்பத்தாருக்கு மட்டும். ஊருக்குச் சொல்வது வீடு திரும்பிய பின்னரே. இது வீண் அச்சம் அன்று. ஸ்ட்ராவா என்னும் நிறுவனம், தன் செயலியில் உலகோர் ஓடியதும் ஓட்டியதுமான தடங்களையெல்லாம் திரட்டி, 2017 நவம்பரில் ஒளிரும் வரைபடமாக வெளியிட்டது. பெயர் ஒன்றும் அதில் இல்லை. ஆயினும் 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர், ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளின் இருண்ட பாலைவெளியில் படைத்தளங்களின் உருவம் ஒளிர்வதைக் கண்டு சொன்னார். படைவீரர்கள் உடற்பயிற்சிக்கு ஓடிய தடங்களே தளத்தைக் காட்டிவிட்டன. படைக்கே அந்நிலை என்றால் நம் வீட்டு வாசல் எம்மட்டு? புணேயைச் சுற்றிலும் படைத்துறை நிலங்கள் பல இருப்பதையும் இளைஞர்கள் மறக்க வேண்டா.

நான்காவது, பொதுவழியைப் பந்தயத் திடலாக்காமை. பாதையின் ஒரு பகுதியைக் குறித்து, அதை எவர் விரைவில் கடந்தார் என்று வரிசைப்படுத்தும் வசதியும் உண்டு. ஊர்ப்பெண்கள் விறகுச் சுமையோடு இறங்கும் சரிவில் அப்படி ஒரு பந்தயத்தைக் குறிப்பவர், தாம் அறியாத இளைஞர்களைக் கண்மூடி இறங்கத் தூண்டுகிறார். 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச மலை மிதிவண்டிச் சங்கத்தின் விதிகளுள் சில, திறந்த பாதையில் மட்டும் செல், தடயம் விடாதே, நடப்பவருக்கு வழிவிடு, விலங்கை மிரட்டாதே என்பவையே. அவ்விதிகள் வீணில் பிறக்கவில்லை. அவ்விளையாட்டு பிறந்த டமால்பாய்ஸ் மலையிலேயே, நடப்போரோடும் குதிரையேறுவோரோடும் பிணக்கு மூண்டு, பல பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன.

ஐந்தாவது, பிறர் சொன்ன வழியை நம் வழியென்று கொண்டாடாமை. ஒருவர் நண்பர் என்ற உரிமையில் காட்டிய பாதையை, அவரைக் கேளாமல் வெளியிடலாகாது. அவர் இசைந்தால், அவர் காட்டியது என்று எழுத வேண்டும். பாதையைச் செப்பம் செய்தவர், கல்லை அகற்றியவர் இருந்தால் அவர்களையும் நினைக்க வேண்டும். எவரேனும் வந்து, "இதை நீக்குங்கள்" என்று தக்க காரணத்தோடு கேட்டால், வாதாடாமல் நீக்க வேண்டும்.

"அப்படியானால் வழியே சொல்லக்கூடாதா, மாமா?" என்று ஒத்திகையின்போது பிள்ளைகள் கேட்டார்கள். சொல்ல வேண்டும். புதிதாக இந்நகருக்கு மாற்றலாகி வரும் இளைஞன் ஒருவன், எவரும் வழி சொல்லாததால் அறைக்குள் அடைந்து கிடப்பானாயின், அதுவும் நம் குறையே. சர்க்கரையோடு சோர்ந்திருந்த என்னை மலைக்கு அழைத்துச் சென்றதும் எவரோ இட்ட ஒரு நல்ல வழிதான். பஞ்சாயத்துச் சாலைகள், ஊரார் விரும்பி அனுமதிக்கும் தடங்கள், அனுமதிச் சீட்டுப் பெற்றுச் செல்லும் இடங்கள் என எத்தனையோ வழிகள் உள்ளன. அவற்றைத் தாராளமாகச் சொல்லுங்கள். மலையடிவாரத் தேநீர்க் கடைக்காரருக்கு நாலு காசு கிடைக்கட்டும். எதைச் சொல்கிறோம் என்பதையும், எவரைக் கேட்டுச் சொல்கிறோம் என்பதையும் எண்ணிச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நம் நூலகத்தில் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று வைப்போம். நம் பிள்ளைகள் செல்லும் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பக்கம். காட்டியவர் யார், நிலம் எவருடையது, வெளியே சொல்ல அவர் இசைந்தாரா, எந்தப் பருவத்துக்கு ஏற்றது, எங்கே எச்சரிக்கை என்று எழுதி வைப்போம். அப்பக்கம் நிரம்பிய பின்னரே இணையத்தில் இடுவது என்று ஒரு வழக்கம் ஏற்படுத்துவோம். முதற் பக்கத்தை நானே எழுதித் தருகிறேன். அதில் 'வெளியே சொல்ல இசையவில்லை' என்று இருக்கும்.

சென்ற மாதம் அந்தப் பெரியவரைக் கண்டு வந்தேன். சைக்கிளை ஊர்ச் சாலையில் நிறுத்திவிட்டு நடந்து சென்றேன். தண்ணீர் தந்தார். பக்கத்து நிலத்தாரோடு இப்போது பேச்சு உண்டாம், முன்போல இல்லையாம். முள்வேலி அப்படியே இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. "எங்கள் சங்கத்தில் இந்தக் கதையைச் சொல்லலாமா?" என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்து, "சொல், ஊர்ப்பெயர் வேண்டாம்" என்றார். இம்முறை இரண்டாம் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் உங்கள் முன் வந்திருக்கிறேன்.